புருவத்தைப் பார்க்காத கேமரா

பொங்கல் முடிந்தால் சேலத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து எனக்கு போன் வரத் தொடங்கும். "சார், சைகை மொழியைப் பேச்சா மாத்துற புராஜெக்ட். ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க." நான் சைகை மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, காவல் நிலையம், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள் என்று காதுகேளாதவர்களோடு போய்வருவது என் வேலை.

இந்த வருடம் வந்த பிள்ளைகள் கையுறை ஒன்று கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு விரலிலும் ஒரு ஃப்ளெக்ஸ் சென்சார். விரல் மடங்கினால் மின்தடை மாறும், அதை வைத்து, கை காட்டும் எழுத்து எது என்று கண்டுபிடிக்கும். செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், பிறவியிலேயே காது கேளாதவர், அன்று வீட்டில் இருந்தார். அவர் கையில் மாட்டினோம். பழைய காயத்தால் அவருடைய மோதிர விரல் முழுதாக நிமிராது. ஒரே எழுத்தை மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் வேறு எழுத்து வந்தது. பிள்ளைகள் தங்கள் விரல்களை வைத்தே அதைப் பழக்கியிருந்தார்கள்.

அதைவிட அடிப்படையான தவறு ஒன்று இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒற்றைக் கையால் போடும் அமெரிக்க சைகை மொழி எழுத்துகள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது அதுதான். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும். அதுவும் பெயர், ஊர் சொல்லத்தான் எழுத்து. யாரும் எழுத்துக்கூட்டியே பேசுவதில்லை.

கேமரா வழி இதைவிட நல்லது. மீடியாபைப் என்ற மென்பொருள் கேமரா படத்தில் ஒரு கையின் 21 புள்ளிகளைப் பின்தொடரும், கையுறையே வேண்டாம். ஆனால் முகத்தை விட்டுவிட்டால் பாதி மொழி போய்விடும். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில், ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு தாய் நர்ஸிடம் 'மகன், காய்ச்சல், குறைந்தது' என்று கை காட்டியிருக்கிறார். புருவத்தை உயர்த்தி, தலையை லேசாக முன்னால் நீட்டி. அப்படியென்றால் அது கேள்வி: குறைந்துவிட்டதா? போனில் நாலைந்து சைகை கற்றிருந்த நர்ஸ், கையை மட்டும் பார்த்துவிட்டு, குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நம் நாட்டிலும் நல்ல வேலை நடக்கிறது. 2020-இல் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்க்ளூட் என்ற இந்திய சைகை வீடியோத் தொகுப்பில் 263 சொற்களுக்கு 4,287 வீடியோக்கள் உள்ளன. டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி 10,000 சொற்களை எட்டியிருக்கிறது. புராஜெக்ட் செய்பவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் தனிச்சொல் வேறு, ஓடும் பேச்சு வேறு. பேசும்போது ஒரு சைகையின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு கலந்துவிடும்.

கடையில் சாமான் கேட்க, குழந்தைக்குச் சைகை சொல்லித்தர ஆப் உதவட்டும். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதும் வாக்குமூலம் எழுதும்போதும் அதை நம்பாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியையும் தகவல் தொடர்பாகவே ஏற்றிருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் அடுத்த மாதம் கேமராவோடு திரும்பி வந்தார்கள். பட்டறை அண்ணன் 'சம்பளம் வந்ததா?' என்று கேட்டார். திரையில் 'சம்பளம் வந்தது' என்று விழுந்தது. அவர் எழுந்துபோய், எதிரே நின்ற பையனின் இரண்டு புருவங்களையும் தன் கட்டைவிரல்களால் மேலே தூக்கிப் பிடித்துக் காட்டினார். அன்று சாயங்காலமே எல்லா வீடியோவையும் முகத்தோடு சேர்த்து மறுபடி எடுக்க ஆரம்பித்தார்கள்.