அப்பாவின் றலியும் பின்சில்லின் 40 கம்பிகளும்

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 73 வயது. விடிய வெள்ளெனப் பழைய றலிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனால், வெயில் ஏறமுதல் கரியரில் புல்லுக்கட்டோடு திரும்பி வந்துவிடுவார். கனடாவிலுள்ள தம்பி காசு அனுப்பி வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள் விறாந்தையில் பொலித்தீன் உறையோடு அப்படியே நிற்கிறது. "அப்பா இவ்வளவு திடமாக இருப்பதற்குச் சைக்கிள்தான் காரணமா? அப்படியென்றால் புதுசையே ஓடலாமே, ஏன் அந்தப் பழசை விடமாட்டேன் என்கிறார்?"

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018இல் இங்கிலாந்தில், 55 முதல் 79 வயது வரையான 125 பேரைப் பரிசோதித்த ஆய்வு வெளிவந்தது. எல்லோரும் பல ஆண்டுகளாக விடாமல் சைக்கிள் ஓடிவந்தவர்கள். ஆண் என்றால் 100 கிலோமீற்றரை ஆறரை மணித்தியாலத்துக்குள், பெண் என்றால் 60 கிலோமீற்றரை ஐந்தரை மணித்தியாலத்துக்குள் ஓடக்கூடியவராக இருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. வயது கூடக்கூடத் தசை கரையும் என்று நாம் நினைப்பது அவர்களிடம் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு அதைவிடப் புதினமாக இருந்தது தைமஸ் சுரப்பி. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற இந்த உறுப்பு குமர்ப் பருவத்திலிருந்தே சுருங்கிக் கொழுப்பாக மாறிக்கொண்டு வரும். கிருமியோடு மல்லுக்கட்டும் டி கலங்கள் அங்கேதான் முதிர்கின்றன. அந்த வயோதிபர்களின் இரத்தத்தில் புதிய டி கலங்கள் இளம் ஆட்களிடம் இருக்கும் அளவுக்கு இருந்தன. ஓடியதால் நலமாக இருந்தார்களா, நலமாக இருந்ததால் ஓட முடிந்ததா என்று இந்த ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாதுதான். ஆனால் பிரான்சில் ரொபேர் மார்ஷான் என்றொரு சைக்கிள் ஓட்டக்காரர் இருந்தார். 101 வயதிலிருந்து 103 வயதுக்குள், பயிற்சியால் அவர் உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் 13 வீதம் கூடியது. 105 வயதில் ஒரு மணித்தியாலத்தில் 22.547 கிலோமீற்றர் ஓடினார்! நூறு தாண்டியும் உடம்பு பயிற்சிக்கு இசைந்து கொடுக்கிறது என்றால் 73 எல்லாம் ஒரு வயதா?

இதெல்லாம் அங்கேயுள்ள ஆட்களை அளந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் வன்னி முழுக்கச் சைக்கிளில்தான் நகர்ந்தது. நெல்லு மூட்டை, விறகு, நோயாளி, இடம்பெயர்ந்த வீட்டுச் சாமான் எல்லாம் அதில்தான். பற்றறி கிடைக்காத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அந்தத் தலைமுறையின் காலையும் நெஞ்சையும் அளந்து பார்க்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம், கொஞ்சக் காசும் நாலு மாணவரும் போதும். வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கிறது. ஏன் செய்கிறோம் இல்லை என்று எனக்கு அடிக்கடி எரிச்சல் வரும்.

சரி, இரண்டாவது கேள்வி. எனக்குப் பிடித்தது இதுதான்.

அப்பாவின் சைக்கிளில் பின்சில்லைப் பாருங்கள். இங்கிலாந்தில் செய்த பழைய றலி என்றால் முன்னுக்கு 32 கம்பி, பின்னுக்கு 40 கம்பி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு கம்பியைக் கழற்றி நிலத்தில் நிறுத்தி மேலிருந்து அமத்தினால் ஈர்க்கு மாதிரி வளைந்துவிடும். அப்படியென்றால் ஓர் ஆளையும் ஒரு நெல்லு மூட்டையையும் எது தாங்குகிறது?

அச்சு மேலே உள்ள கம்பிகளில் தொங்குகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள், நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்தேன். உண்மை அதைவிட விசித்திரம். சைக்கிள் கடையில் இறுக்கும்போதே எல்லாக் கம்பிகளும் றிம்மை உள்ளுக்கு இழுத்தபடி விறைத்து நிற்கின்றன. ஆள் ஏறி இருந்ததும் மேல் கம்பிகளில் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. நிலத்தைத் தொடும் இடத்துக்கு நேரே உள்ள நாலைந்து கம்பிகளின் இழுவை மட்டும் குறைகிறது. அச்சைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தவை கொஞ்சம் விட்டுக்கொடுக்க, அந்த வித்தியாசம்தான் ஆளைத் தாங்குகிறது. நம்பாவிட்டால் அப்பாவைச் சீற்றில் இருத்தி, கீழ்க் கம்பியை விரலால் சுண்டிப் பாருங்கள். வீணைத் தந்தியைத் தளர்த்தியது போலச் சுருதி இறங்கும். மேல் கம்பி முன்போலவே ஒலிக்கும்.

இனித்தான் விசயம் இருக்கிறது. சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஒவ்வொரு கம்பியும் ஒருதரம் தளர்ந்து ஒருதரம் இறுகும். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீற்றர் போகும். நாளுக்கு 10 கிலோமீற்றர் என்றால் 4,500 தடவை, ஆண்டுக்கு 16 இலட்சத்துக்கு மேல். இப்படி வளைத்து நிமிர்த்துகிற இரும்பு ஒருநாள் களைத்து வெடிக்கலாம். கம்பி பெரும்பாலும் குடத்துக்குப் பக்கத்திலுள்ள வளைவில் முறிவது இதனால்தான். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் ஓகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியியலாளர், ரயில் அச்சுகள் காரணமில்லாமல் முறிகின்றனவே என்று ஆராயப்போய் ஓர் அருமையான விசயத்தைக் கண்டார். உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே சுமையை வைத்துக்கொண்டால் எத்தனை இலட்சம் தடவை ஆட்டினாலும் வெடிப்பு விழாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான எல்லை இல்லை, சின்னச் சுமையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். தடித்த உருக்குக் குழாயில் செய்த றலி தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். துரு ஏறினால் மட்டும் அந்த எல்லை செல்லாது, ஆகவே பெயின்ற் போன இடத்தை அப்படியே விடவேண்டாம்.

தளர்ந்த கம்பி கிறவல் ரோட்டில் முழுதாகத் தொய்ந்து ஆடி, வளைவில் இன்னும் கெதியாக முறியும். இறுக்கிய கம்பிக்குத்தான் ஆயுள் கூட. புதுச் சைக்கிளின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்க மறக்காத எங்கள் சனம், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் கம்பி இறுக்க மட்டும் மறந்துபோகும்.

தசை இதற்கு நேர்மாறு. இரும்பில் விழுந்த வெடிப்பு ஆறாது. உழக்கிக் களைத்த தொடை இரவில் தன்னைத் தானே திருத்திக்கொண்டு கொஞ்சம் கூடப் பலமாக எழும்பும். படுக்கையில் சில கிழமை கிடந்தால் கரையும்.

பழசு பாரம்தான். ஆனால் வன்னி மட்டமான நிலம், ஏற்றம் குறைவு, ஆறுதலாகப் போகிறவருக்கு அந்தப் பாரம் பெரிதில்லை. சோளகக் காற்றுக்கு எதிரே போனால் கியர் உதவும், அதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் செம்மண் புழுதி படிந்து கியர் மாறாமல் நின்றால் அதற்குச் சாமான் எங்கே தேடுவது? றலிக்கு ஊரிலுள்ள கடையே போதும்.

பழசைப் பற்றிக் குறையும் சொல்லவேண்டும். மினுங்குகிற இரும்பு றிம்மில் மழைத் தண்ணி பட்டால் பிறேக் பிடிக்கவே பிடிக்காது. மாரியில் அப்பாவை வெள்ளெனவே பிறேக்கை அமத்தத் தொடங்கச் சொல்லுங்கள். சைக்கிள் ஓடினால் முழங்கால் தேயும் என்று யாராவது வெருட்டினால் முதலில் சீற்றின் உயரத்தைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடிந்திருக்கவேண்டும். பதித்து வைத்த சீற்றுத்தான் முழங்கால் சில்லில் பாரத்தை ஏற்றுகிறது. அப்புறம், சைக்கிள் எலும்பை அவ்வளவாகப் பலப்படுத்தாது. வயல் வேலை செய்கிறவருக்கு அதைப் பற்றிப் பெரிய கவலையில்லை.

கியர் சைக்கிளைப் பேரனுக்குக் கொடுங்கள். பின்சில்லின் 40 கம்பிகளையும் சுண்டிப் பார்த்து, எத்தனை மந்தமாக ஒலிக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள்.