சேஃப் ஹார்பர்: துறைமுகம் அல்ல, புகலிடம்

சமூக ஊடகச் சட்டம் பற்றிய செய்திகளில் 'சேஃப் ஹார்பர்' என்ற ஆங்கிலச் சட்டச்சொல்லைப் 'பாதுகாப்பான துறைமுகம்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நோகிறது. படிப்பவர் கண்முன் தூத்துக்குடியும் கப்பலும்தானே வரும்?

ஹார்பர் என்ற சொல்லுக்குப் பிறப்பில் கடலோடு உறவே இல்லை. பழைய ஜெர்மானிய மொழிகளில் படையைக் குறிக்கும் சொல்லும் காப்பிடத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து உருவானது அது. படை தங்கும் இடம், பிறகு வழிப்போக்கர் தங்கும் இடம், அப்புறம்தான் கப்பல் ஒதுங்கும் இடம். ஜெர்மன் மொழியில் 'ஹெர்பெர்கெ' இன்றும் விடுதிதான்.

சட்டத்தில் 'சேஃப் ஹார்பர்' என்பதன் பொருள்: யாரோ போட்ட பதிவுக்கு, அதைத் தாங்கும் தளம் பொறுப்பாகாது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79-ஆவது பிரிவு. 2004-இல் பாஸி.காம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்குப் போட, தளத்தின் தலைவரையே டில்லி போலீஸ் கைது செய்தது. 2008 திருத்தத்தில் அந்தப் பிரிவு மாற்றி எழுதப்பட்டது.

ஆனால் இந்தக் காப்புக்கு நிபந்தனை உண்டு. அந்தரங்கப் படத்தையோ திரித்த படத்தையோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள் கூறின. கடமை தவறினால் காப்பும் போகும். என் உறவுக்காரப் பெண்ணின் படத்தை யாரோ திரித்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் தளத்திலிருந்து வந்தது ஒரே வரி: 'இது எங்கள் விதிகளை மீறவில்லை.' அந்த விதிகளில் 3(2)-ஐச் சுட்டித் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மறுபடி எழுதினோம். அன்று மாலையே படம் நீங்கியது. தளத்துக்கும் கடமை உண்டு என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. 'துறைமுகம்' என்ற சொல் அதை எப்படிச் சொல்லும்?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'அடைக்கலம்' அழகான சொல், ஆனால் பொருந்தாது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தபோது, காக்கும் கடமை முழுவதும் மாதரிமேல் விழுந்தது. இங்கே கடமை உள்ளே புகுந்தவருக்கு, அதாவது தளத்துக்கு. 'பொறுப்பு விலக்கு' தெளிவானது. நிபந்தனைதான் அதில் தெரியவில்லை. புகலிடத்தில் 'புகு' இருக்கிறது. புகுந்தவர் வெளியேற்றப்படவும் கூடும். ஈழத்தமிழர் வழக்கில் தஞ்சம் கோருவோரைக் குறிக்க அந்தச் சொல் வேரூன்றியிருப்பதால், குழப்பம் வராமல் 'சட்டப் புகலிடம்' என்பேன். முதல்முறை எழுதும்போது 'நிபந்தனையுள்ள பொறுப்பு விலக்கு' என்று விளக்கமும் சேர்த்துவிடலாம்.

'புகாரை அலட்சியம் செய்த தளம் சட்டப் புகலிடத்தை இழந்தது' என்று எழுதினால் யாருக்கும் கப்பல் நினைவு வராது.