மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: கோளாறைத் தேடுவது எப்படி?

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல." உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். காயில் போயிருக்கும், கண்டென்சரை மாத்துங்க, ஏர் பிடிச்சிருக்கும். இதில் எதையும் தொடுவதற்கு முன்னால் புகாரைக் கூர்மையாக்க வேண்டும். தண்ணீர் எப்போதுமே ஏறவில்லையா, காலையில் மட்டும்தானா? இரவு நன்றாக ஏறியது, மோட்டாரை நிறுத்தி ஆறேழு மணி நேரம் கழித்துப் போட்டால்தான் மக்கர் பண்ணுகிறது என்று தெரிந்தால், காயிலையும் கண்டென்சரையும் அப்போதைக்கு விட்டுவிடலாம். மோட்டார் சும்மா இருக்கும்போதுதான் ஏதோ நடக்கிறது. பைசா செலவில்லாமல் இவ்வளவு தெரிந்துவிட்டது.

அப்புறம், தண்ணீர் போகும் வழியை ஒரு தாளில் வரையுங்கள்: சம்ப் (தரைக்கடியில் உள்ள தொட்டி), ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருந்து, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது), உறிஞ்சும் குழாய், பம்பு, மேலேறும் குழாய், மாடித் தொட்டி. தாள் அவசியம். மனித மனத்தால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் பிடித்துவைக்க முடியும் என்கிறார் உளவியலாளர் நெல்சன் கோவன். ஐந்தாவது சந்தேகம் வரும்போது முதலாவது நழுவிவிடும்.

சோதனையை வழியின் நடுவில் தொடங்குவது நல்லது. சந்தேகத்துக்குரிய இடங்கள் 16 என்றால், ஒவ்வொன்றாகப் பார்த்தால் 15 சோதனைகள்கூட ஆகலாம்; ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்தால் நான்கே போதும். நம் கதையில் நடுவில் இருப்பது பம்பு. மின் இணைப்பை அணைத்துவிட்டு, பம்பின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் கோளாறு சம்ப் பக்கம்தான். பெரும்பாலும் ஃபுட் வால்வு சரியாக மூடவில்லை; மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில் பம்பில் இருந்த தண்ணீர் சம்புக்கே இறங்கிவிடுகிறது, காலையில் காலியான பம்பால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை. தண்ணீர் அப்படியே நின்றால் அந்த வால்வு ஒழுகவில்லை, வேறு இடத்தில் தேடலாம்.

வால்வு கெட்டது என்று தெரிந்ததும் பலர் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏன் மூடவில்லை? மணல் சிக்கியிருக்கிறது. மணல் ஏன்? வால்வு சம்பின் தரையை ஒட்டி நிற்கிறது, லாரித் தண்ணீரோடு வந்த மணல் அங்கேதான் படிகிறது. சம்பைக் கழுவி, குழாயைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் புது வால்வு தாங்கும். ஐந்து முறை 'ஏன்' கேட்பது டொயோட்டா ஆலைகளில் வளர்ந்த பழக்கம். ஐந்து என்ற கணக்கு முக்கியமில்லை. நம்மால் மாற்றக்கூடிய காரணம் கிடைக்கும்வரை கேட்டால் சரி.

இந்த முறை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. இந்தியாவில் அதுவே முதல். திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற சுழற்சிதான் அந்தத் தர இயக்கத்தின் அடிப்படை.

கணிதப் புதிர்களுக்கு நான்கு படிகளை 1945இல் எழுதிவைத்த ஜார்ஜ் போல்யாவும் கடைசிப் படியாகத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். முறையைக் கற்பது உண்மையில் அங்கேதான் நடக்கிறது என்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். எதைச் சந்தேகித்தோம், எது சரியானது என்பதைத் தேதியோடு குறித்து, மோட்டார் அறைச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் பிளம்பர் அங்கிருந்து தொடங்கலாம்.