பாகெல்பெல்ட கெனனக் கொயருக்கு எழுதினா எத மாத்தலாம், எத மாத்தக் கூடாது

மட்டக்களப்பில சேர்ச் கல்யாணத்தில பொம்புள உள்ள வரக்குள்ள கீபோட்டில வாசிப்பாங்களே ஒரு டியூன், அது கனக்க நேரம் பாகெல்பெல் எண்ட இசையமைப்பாளர்ட கெனன் இன் டி தான் (கெனன் எண்டா ஒருத்தர் தொடங்கின டியூன மத்தவங்க பிந்திப் பிந்தித் தொடங்கிப் பாடுறது, டி எண்டது மேற்கத்திய சுரம் D). ஆள் ஜெர்மனில நியூரம்பேர்க்காரர், 1653ல பிறந்து 1706ல மோசம்போனவர், மூண்டு வயலினுக்கும் பேஸுக்கும் (கீழ்ச்சுரம் வாசிக்கிற வாத்தியம்) எழுதினது. இத வாத்தியமே இல்லாம, தமிழ்ச் சொல் போட்டு, கொயருக்குப் புதுசா எழுத ஏலும், ஆனா முதல்ல அது எப்படி நிக்குது எண்டு விளங்கணும்.

கீழ எட்டே எட்டு சுரம். டிய ச எண்டு வச்சா ச ப த க ம ச ம ப, நம்மட சங்கராபரணத்துச் சுரங்கள்தான், இது 28 தரம் மாறாம சுத்துது. மேல ஒரு வயலின் ஒரு சுத்து வாசிச்சு முடியக்குள்ள அடுத்தது அதே டியூன முதல்ல இருந்து தொடங்கும், மறுகா மூண்டாவது. கூத்தில அண்ணாவியார் நிப்பாட்டினாப் பிறகுதான் பிற்பாட்டுக்காரர் எடுப்பாங்க, இங்க முதல் ஆள் நிப்பாட்டுறதே இல்ல. அப்படியும் அடிபடாததுக்குக் காரணம், ஆக்கள் பிந்துறது சரியா ஒரு சுத்து, டியூன்ட ஒவ்வொரு துண்டும் அதே எட்டுச் சுரத்துக்குப் பொருந்துற மாதிரி எழுதியிருக்கு.

இப்ப கொயரில சொப்ரானோ (உசந்த பெண்குரல்) முதல்ல தொடங்க, ஒரு சுத்துக்குப் பதிலா ஒரே ஒரு சுரம் பிந்தி ஆல்டோவ (கீழ்ப் பெண்குரல்) விடுங்க. டியூன் தொடங்குறது க ரி ச நி எண்டு, அப்ப சொப்ரானோ ரி பாடக்குள்ள ஆல்டோ க-ல நிப்பாங்க. ரி செக்கனுக்கு சுமார் 330 அதிர்வு, க சுமார் 370. காதுக்குள்ள ரெண்டும் கிட்டக்கிட்ட இடத்தத்தான் ஆட்டுது, வித்தியாசம் 40. வித்தியாசம் மூண்டு நாலு மட்டும் எண்டா அலை வந்து வந்து போறது மாதிரிக் கேக்கும், 40 எண்டா எண்ண ஏலாது, சொரசொரப்பாத்தான் கேக்கும். எனக்கு இந்தச் சொரசொரப்பு நல்ல விருப்பம், ஆனா பாட்டில ஒரு இடத்தில மட்டும் போதும், அதுவும் ‘ஊ’ல. ‘ஆ’ல மேல்சுரங்கள் கூட, அதுகளும் ஒண்டோடொண்டு உரசும்.

மூச்சுத்தான் பெரிய பாடு. செக்கனுக்கு ஒரு சுரம் எண்டாலும், அந்தக் கீழ் எட்டுச் சுரத்த 28 தரம் பாடுற பேஸ் ஆக்களுக்கு 224 செக்கன் இடைவெளியே இல்ல. எட்டுப் பேர் இருந்தா ஒவ்வொருத்தரா வேற வேற இடத்தில, சுரம் மாறுற இடத்தில இல்லாம நீட்டுற உயிரெழுத்துக்கு நடுவில, மூச்செடுத்துட்டு மெல்லமா உள்ள வரணும். எட்டில ஒரு குரல் விட்டா சத்தம் குறையுறது 0.6 டெசிபெல் (சத்தத்த அளக்கிற அலகு) அளவுதான், நம்மட காது பிடிக்கிறதுக்கு ஒரு டெசிபெல் அளவு வேணும்.

வேகம் மண்டபத்தப் பொறுத்தது. இப்ப எல்லாரும் கேக்கிற ஆறுதலான வேகமே 1968ல பிரெஞ்சுக்காரர் பய்யார்ட ரெக்கோர்டிங்காலதான் பரவினது. ஜன்னல் எல்லாம் திறந்து ஃபேன் சுத்துற மண்டபத்தில எதிரொலி நிக்காது, கொஞ்சம் வேகமாப் பாடுங்க, கல்லுச் சுவரும் உசந்த கூரையும் உள்ள சேர்ச் எண்டா ஆறுதலாப் பாடலாம்.