ஜாக்கெட் அழகாக இருக்கிறது. முழங்கைப் பேடு எங்கே இருக்கிறது?

விபத்தில் சிக்கிய பைக் ஓட்டுநரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்ததும் நாங்கள் முதலில் எடுப்பது கத்தரிக்கோலைத்தான். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருக்கலாம் என்ற நிலையில் கையைத் தூக்கி உடையைக் கழற்ற முடியாது என்பதால், ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் ஓரத்தோடு வெட்டி எடுத்துவிடுவோம். தோலும் தசையும் சிதைந்த காயங்களைச் சரிசெய்யும் பிளாஸ்டிக் சர்ஜனாகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில், அப்படி வெட்டி எடுத்த உடையை ஒருமுறை விரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்தத் தையல் பிரிந்திருக்கிறது, அடியைத் தாங்க மூட்டுகளின்மீது வைத்திருக்கும் மெத்தைத் தகடான பேடு எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்த்தாலே, உள்ளே இருக்கும் காயம் எப்படிப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஓர் இளைஞரின் ஜாக்கெட் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தடித்த மாட்டுத்தோல், நேர்த்தியான வெட்டு, முழங்கையில் தரமான பேடு என எல்லாம் இருந்தது. ஆனால், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கியிருந்தார். விழுந்து சறுக்கியபோது அந்தத் தளர்வான கைப்பகுதி சுழன்று, பேடு முழங்கையின் உட்பக்கத்துக்குப் போய்விட்டது. எலும்பின்மீது மிஞ்சியது ஜாக்கெட்டின் ஒற்றை மாட்டுத்தோல் அடுக்கு. அதுவும் தேய்ந்து ஓட்டையாகி, முழங்கை முனை எலும்பு வெளியே தெரியும் அளவுக்குக் காயம் ஆழமாக இருந்தது. பேடிலோ ஒரு கீறல்கூட இல்லை. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஜாக்கெட்டை வெட்டிட்டீங்களா டாக்டர்?" என்பதுதான். ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அது. அழகுக்காக உடை வாங்குவதை நான் ஒருபோதும் குறையாகச் சொல்லமாட்டேன். பிடித்த உடையைத்தான் மனிதர்கள் தினமும் அணிகிறார்கள். ஆனால், கண்ணாடி முன் நின்று பார்க்கும் அழகையும் சாலையில் விழும்போது கிடைக்கும் காப்பையும் சேர்த்துத் தீர்மானிப்பது ஒரே விஷயம்தான்: அந்த உடை உங்கள் உடம்போடு பொருந்துகிறதா என்பது.

விழும்போது உடம்புக்கு என்ன நேர்கிறது என்பது தெரிந்தால் மற்றவை எளிதில் புரியும். முதலில் ஒரு மோதல், அடுத்து ஒரு சறுக்கல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையை மோதும்போது அதன் கீழ்நோக்கிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கி.மீ.; வண்டி 40இல் போயிருந்தாலும் 80இல் போயிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. முன்னோக்கிப் போன வேகம் முழுவதும், வழியில் வேறொரு வாகனமோ கம்பமோ சுவரோ குறுக்கிடாவிட்டால், சறுக்கலாகத்தான் தீரும். 50 கி.மீ. வேகத்தில் விழுந்தவர் சறுக்கி நிற்கச் சுமார் 2 நொடிகளும் 15 மீட்டர் தூரமும் ஆகும். சாதாரண பருத்தி ஜீன்ஸ் தார்ச்சாலையில் ஒரு நொடிகூடத் தாங்குவதில்லை. அதன்பின் மிச்சமிருக்கும் தூரம் முழுவதும் தேய்வது உங்கள் தோல்; உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். பேடு மோதலுக்கு, உடையின் துணியோ மாட்டுத்தோலோ சறுக்கலுக்கு என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

சிராய்ப்பு என்ற சொல் சிறியதாக ஒலிக்கிறது. காயத்துக்குள் புதைந்த மண்ணையும் தார்த் துகளையும் பிரஷ் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பரப்பு பெரிதாக இருந்தால் முழு மயக்க மருந்து கொடுத்துத்தான் அதைச் செய்கிறோம். முதல் நாட்களிலேயே எடுக்காமல் விட்ட துகள்கள், பச்சை குத்தியதுபோல் கருநீலப் புள்ளிகளாக நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஆகவே கடையில் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கும்போது நின்றபடி பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வண்டியில் உட்காருங்கள், வண்டி இல்லாவிட்டால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டுங்கள். இப்போது முழங்கைப் பேடை இன்னொரு கையால் பற்றிச் சுழற்றிப் பாருங்கள். எலும்பு முனையை விட்டு அது விலகினால் அந்த அளவு உங்களுக்கானது அல்ல. மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. முதுகின் கீழ்ப்பகுதி திறந்துகொள்ளக் கூடாது. கால்சட்டைக்கும் இதே சோதனைதான்: முழங்கால் பேடு நிற்கும்போது சற்றுத் தாழ்வாகவும், உட்கார்ந்து காலை மடக்கும்போது சரியாக முட்டியின்மீதும் வர வேண்டும். பல கால்சட்டைகளில் பேடு வைக்கும் பைக்குள் உயரத்தை மாற்றிக்கொள்ள வெல்க்ரோ இருக்கும். வாங்கியவர்களில் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் இணைக்கும் ஜிப் இருந்தால் அதைப் பூட்டிப் பழகுங்கள்; சறுக்கும்போது ஜாக்கெட் மேலேறி இடுப்பும் முதுகும் உரசுவதைத் தடுப்பது அந்த ஜிப்தான்.

ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்தை மையமாக வைத்து, விபத்தில் சிக்கிய 212 ஓட்டுநர்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. பைக்குக்கென்றே தயாரித்த உடை அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு குறைந்திருந்தது என்பது அதன் ஒரு பக்கம். அதே ஆய்வில், பைக்குக்கென்று விற்கப்பட்ட ஜாக்கெட், கால்சட்டை, கையுறைகளில் 25 முதல் 30 சதவீதம் வரை அந்த விபத்திலேயே கிழிந்தோ தேய்ந்தோ தோற்றுப்போயிருந்தன என்பது மறுபக்கம். பைக் ஜாக்கெட் என்று பெயர் எழுதியிருப்பது போதாது. அது எந்தச் சோதனையில் தேறியது என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு உதவுவது உள்ளே தைத்திருக்கும் சிறிய லேபிள். ஐரோப்பியத் தரமான இஎன் 17092, பைக் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று வகைப்படுத்துகிறது. ஏஏஏ என்பது உராய்வையும் கிழிசலையும் மிக அதிகம் தாங்குவது. ஏஏ அதற்கு அடுத்தது. ஏ குறைந்த அளவு காப்பு. பி என்றால் ஏ வகை உராய்வுத் திறன் இருந்தாலும் மோதலைத் தாங்கும் பேடு இல்லை என்று பொருள். சி என்பது பேடுகளைத் தாங்கி நிற்க மட்டுமே ஆன உடை வகை, அதோடு சேர்த்து வேறொரு பைக் உடை கட்டாயம் வேண்டும். பேடுக்குத் தனியாக இஎன் 1621 என்ற தரம் உண்டு. கை, கால் மூட்டுகளுக்கான பேடின்மீது 50 ஜூல் ஆற்றலோடு அடித்து, மறுபுறம் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளக்கிறார்கள்: சராசரி 35 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் லெவல் 1, 20க்கு மிகாவிட்டால் லெவல் 2. முதுகுக் கவசத்துக்கு இந்த வரம்புகள் 18, 9 எனக் கடுமையாகின்றன.

முதுகைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல ஜாக்கெட்டுகள் பலவற்றில்கூட முதுகுப் பையில் வைத்திருப்பது வெறும் பஞ்சுத் தகடுதான். கையால் எடுத்து அழுத்திப் பாருங்கள், தர எண் அச்சிடப்படாத தகடாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அதேவேளை முதுகுக் கவசம் எல்லா முதுகெலும்பு முறிவையும் தடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நேராக விழும் அடியை அது வாங்கிக்கொள்ளும். உடல் மடங்குவதாலும் முறுக்கிக்கொள்வதாலும் நேரும் முறிவுகளை அதனால் தடுக்க இயலாது.

தையலைப் பார்ப்பதற்குத் தனிக் கண் வேண்டியதில்லை. ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்புங்கள். தோள், முழங்கை, இடுப்பு ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டு அல்லது மூன்று வரிசைத் தையல் ஓட வேண்டும். அதில் ஒரு வரிசையாவது வெளியே தெரியாமல் மடிப்புக்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே தெரியும் நூல் சாலையில் பட்டதும் முதலில் அறுவது. வண்ண வண்ணத் துண்டுகளை ஒட்டித் தைத்த வடிவமைப்புகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் தோளிலும் முழங்கையிலும் ஒவ்வொரு துண்டும் ஒரு தையலைக் கூட்டுகிறது, ஒவ்வொரு தையலும் பிரியக்கூடிய ஓர் இடத்தைக் கூட்டுகிறது. அலங்காரம் நெஞ்சிலும் முதுகின் நடுவிலும் இருக்கட்டும். தரையில் முதலில் படும் மூட்டுகளின்மீது ஒரே துண்டாக ஓடும் உடையைத் தேர்ந்தெடுங்கள்.

கையுறையைப் பற்றி எழுதும்போது என் குரல் சற்று உயர்வதைத் தவிர்க்க முடியவில்லை. விழும் மனிதன் முதலில் கையை ஊன்றுகிறான். அது சிந்தித்துச் செய்வதல்ல, யாராலும் அடக்க முடியாத அனிச்சைச் செயல். உள்ளங்கைத் தோல் உடலின் வேறு எந்தத் தோலைப் போன்றதும் அல்ல. தடிமனும், பிடிப்பும், கீழே உள்ள திசுவோடு இறுகப் பிணைந்திருக்கும் தன்மையும், நுண்ணிய தொடுவுணர்வும் ஒன்றாக அமைந்த அந்தத் தோலுக்கு ஈடாகத் தொடையிலிருந்து எடுத்து ஒட்டும் தோல் ஒருபோதும் ஆகாது. ஒட்டிய தோல் காயத்தை மூடும்; சட்டைப் பொத்தானை விரலால் உணர்ந்து போடும் நுட்பம் முன்போல் திரும்பி வராது. கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டை ஒட்டி, வழுக்கும் தன்மையுள்ள கெட்டியான ஒரு பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கை தரையைப் பற்றிக்கொள்ளும். உடலின் எடை முழுவதும் மணிக்கட்டுக்குள் இறங்கி, ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு முறியும். இரத்த ஓட்டம் குறைவாக உள்ள எலும்பு என்பதால் அது கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆவதும் உண்டு.

கையுறைக்கான தரம் இஎன் 13594. லேபிளில் 1 அல்லது 2 என்று இருக்கும். 1 என்பதோடு கேபி என்ற எழுத்துகளும் இருந்தால் விரல்கணுக் காப்பு சோதிக்கப்பட்டது என்று பொருள். ஆனால் கடையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு, உடன் வந்தவரிடம் விரல் நுனிகளைப் பிடித்து நன்றாக இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால், சாலையிலும் கழன்றுவிடும். விரல் நுனி திறந்த கையுறைகள் பார்க்க எடுப்பாக இருக்கலாம். அவற்றை அணிந்து வந்தவர்களின் விரல் நுனிகளுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன், அதனால் அவற்றை யாருக்கும் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. கையுறைக்குள் மோதிரம் வேண்டாம். எதிலாவது மாட்டிக்கொண்டால் விரலின் தோலை முழுவதுமாக உரித்துவிடும்.

காலணியைப் பொறுத்தவரை கணுக்கால் எலும்புகள் இரண்டையும் மூடி, குறுக்கே பிடித்து நசுக்கினால் எளிதில் மடங்காத பூட்ஸ் போதும்; இப்போது சாதாரண ஸ்னீக்கர் போலவே தோற்றமளிக்கும் பைக் காலணிகள் வந்துவிட்டன. லேஸ் இருந்தால் அதன் முனைகள் கியர் நெம்புகோலில் சிக்காதபடி உள்ளே செருகுங்கள்.

தலைக்கவசம் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. 1935இல் பைக் விபத்தில், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று அறியப்பட்ட பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி டி. ஈ. லாரன்ஸ் இறந்தபோது சிகிச்சையளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ், 1941இல் பைக்கில் செய்தி கொண்டுசெல்லும் இராணுவ வீரர்களின் தலைக்காயங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கிய அறிவு அது. பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, ஹெல்மெட் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. முகத்தைச் சீரமைக்கும் மருத்துவராக நான் சேர்க்க விரும்புவது ஒன்றே: முகவாய் மூடாத ஹெல்மெட் தாடையையும் பற்களையும் காக்காது. சாய்வாக விழும் அடியில் தலை சுழல்வதையும் சோதிக்கும் இசிஇ 22.06 தரம் பெற்ற, முகம் முழுவதும் மூடிய ஹெல்மெட்டையே தேடுங்கள். தாடைப் பட்டையை மாட்டியபின், பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பாருங்கள். கழன்று வரக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீளாது. ஒரு விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அழகும் பாதுகாப்பும் நேரடியாகச் சந்திக்கும் இடம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து, 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் உடை அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கருப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. கருப்பு ஜாக்கெட்டைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் அணியுங்கள், ஆனால் ஹெல்மெட் வெளிர் நிறமாக இருக்கட்டும். தோளிலும் கையிலும் ஒளி பட்டால் மின்னும் பட்டைகள் உள்ள ஜாக்கெட்டாக இருக்கட்டும்.

"வெயிலில் இதையெல்லாம் போட முடியுமா?" என்ற கேள்வியை நான் ஒதுக்குவதில்லை. உடல் சூடேறினால் கவனமும் குறையும் என்பது உண்மையே. அலமாரியில் தொங்கும் ஏஏஏ தோல் ஜாக்கெட்டைவிட, தினமும் அணியும், காற்றோட்டமான வலைத்துணியில் தைத்த ஏஏ தர மெஷ் ஜாக்கெட் எவ்வளவோ மேல் என்பதே என் தீர்மானம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018இல் தொடங்கிய மோட்டோகேப் என்ற மதிப்பீட்டுத் திட்டம், காப்புக்கு நட்சத்திரம் தருவதோடு வெப்பத்தில் அணிவதற்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்பதற்கும் தனி நட்சத்திரம் தருகிறது. வாங்குவதற்கு முன் அதில் தேடிப் பார்க்கலாம்.

கடைசியாகப் பின்னிருக்கை. ஓட்டுபவர் முழுக் கவசத்தோடும், பின்னால் இருப்பவர் மெல்லிய மேற்சட்டையோடும் செருப்போடும் என்னிடம் வந்து சேர்ந்த நாட்கள் பல. இருவரும் விழுந்தது ஒரே சாலையில், ஒரே வேகத்தில். ஒருவர் அன்று மாலையே வீடு திரும்பினார், மற்றவர் மூன்று முறை தோல் ஒட்டும் அறுவை சிகிச்சைக்கு வந்தார். "யாராவது உட்கார்ந்தால் இருக்கட்டும்" என்று வாங்கி வைக்கும் இரண்டாவது ஹெல்மெட் எவருடைய தலைக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. அடிக்கடி உங்கள் பின்னால் உட்காருபவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும்; அடுத்த முறை கடைக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, அவர் தலையின் சுற்றளவை அளந்து, அவர் முழங்கையை மடக்கச் சொல்லி, அவருக்குப் பிடித்த நிறத்திலேயே வாங்கிக் கொடுங்கள்.