அச்சுக் கல்லில் பதிந்த இறகு

பழைய விலங்கியல் புத்தகம் ஒன்றில் கண்ட படத்தைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். கற்பலகை ஒன்றில் இறக்கை விரித்து, தலையைப் பின்னால் வளைத்துக் கிடக்கும் பறவை. எலும்பு கல்லாக மாறுவது தெரியும், இறகு எப்படிக் கல்லில் நிற்கும் என்பது அவர் கேள்வி.

படத்தில் இருப்பது ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் ஆதிப் பறவை, பெர்லினில் உள்ள புதைபடிவ மாதிரி. சுமார் 15 கோடி ஆண்டு பழையது. இறகு பறவைக்குரியது, பல்லும், நகமுள்ள விரல்களும், நீண்ட எலும்பு வாலும் ஊர்வனவற்றை நினைவூட்டுபவை. பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்து இரண்டே ஆண்டில், 1861இல், ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் ஹெர்மன் வான் மேயர் இந்த உயிரினத்துக்குப் பெயர் வைத்தார். இதெல்லாம் பலர் அறிந்தது. எனக்குப் பிடித்தது அந்தப் பெயரின் பின்பாதி: லித்தோகிராஃபிகா. அதாவது, கல்லச்சுக் கல்லைச் சேர்ந்தது.

இந்த உயிரினம் கிடைத்த, ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ஸோல்ன்ஹோஃபென் பகுதி அப்போது வெதுவெதுப்பான ஆழமற்ற கடல். பவளத் திட்டுகளுக்கு நடுவே தேங்கிய உப்பங்கழிகளின் அடித்தண்ணீர் உப்பேறி, ஆக்சிஜன் வற்றிக் கிடந்தது. அங்கே புழுவும் இல்லை, நண்டும் இல்லை. கீழே விழுந்த உடலைப் பிய்க்கவோ சேற்றைக் கிளறவோ ஆளில்லை. மேலிருந்து சுண்ணாம்புச் சேறு படிந்துகொண்டே வந்தது. அதன் துகள்கள் மாவைவிட நைசானவை. மணலில் கால் வைத்தால் பாதத்தின் வடிவம் மட்டும் தெரியும். நைசான களிமண்ணில் விரல் வைத்தால் கைரேகையே தெரியும். இறகின் தண்டிலிருந்து கிளைக்கும் மெல்லிழைகளைவிடத் துகள் சிறியதாக இருந்ததால், ஒவ்வோர் இழையும் தன் தடத்தை விட்டுச் சென்றது. பின்னால் இறகு சிதைந்தாலும், அதற்குள் சேறு இறுகிவிட்டது. நாம் பெரும்பாலும் பார்ப்பது இறகை அல்ல, அதன் அச்சை.

சரி, கல்லச்சு எங்கே வந்தது? 1790களின் இறுதியில் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்த அலாய்ஸ் செனஃபெல்டர் இதே கல்லை வழவழப்பாகத் தேய்த்து, பிசுபிசுப்பான மையால் வரைந்து, தண்ணீர் தடவினார். வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளியது. வெறும் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டது. மேலே எண்ணெய் மையை உருட்டினால் வரைந்த கோட்டில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். மெல்லிய கோடு கலங்காமல் வர, கல்லும் அதே அளவு நைசாக இருக்க வேண்டும். இறகைக் காப்பாற்றிய குணமே ஓவியரின் கோட்டையும் காப்பாற்றியது!

நல்ல பலகைக்காகக் குவாரித் தொழிலாளர்கள் கல்லை ஏடு ஏடாகக் கையால் பிளந்தார்கள். அச்சுக்கூடங்கள் அந்தக் கல்லைக் கேட்டிராவிட்டால் இத்தனை ஏடுகளை யார் திறந்து பார்த்திருப்பார்கள்? புதைபடிவம் கிடைத்த பிறகும் அதை வாங்கப் பணம் வேண்டியிருந்தது. இப்போது லண்டனில் உள்ள இன்னொரு மாதிரி அடங்கிய தொகுப்பை விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக 1862இல் 700 பவுண்டுக்கு வாங்கினார். பெர்லின் மாதிரியை 20,000 மார்க் கொடுத்து ஜெர்மனியிலேயே நிறுத்தியவர் தொழிலதிபர் வெர்னர் வான் சீமென்ஸ். இப்படிப்பட்ட கல் ஒரு நாட்டில் தங்குவது செல்வந்தர் ஒருவரின் மனசைப் பொறுத்திருக்கக் கூடாது. அருங்காட்சியகங்களுக்கு அரசே தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வாசகி படத்தை இன்னொரு முறை எடுத்து, இறக்கையின் நீண்ட இறகு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கட்டும். அச்சுக்காகப் படத்தைச் செதுக்கியவர் கவனமானவராக இருந்தால், தண்டு நடுவில் இருக்காது. முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் அகலமாகவும் இருக்கும். பறக்கும் பறவைகளின் இறக்கை இறகுகள் இன்றும் அப்படித்தான் இருக்கின்றன.