ஆக்சிஜனுக்கு ஏது இனம்?

கெளுத்தி முள் குத்திய கையோடு தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் வந்தார். செவிலியர் காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதும் வெள்ளை வெளேரென்று நுரைத்தது. “மருந்து வேலை செய்கிறது” என்றார் மீனவர். உண்மையில் வேலை செய்தது அவருடைய செல்களிலிருந்து கசிந்த கேட்டலேஸ் என்னும் நொதி. பெராக்சைடை அது நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. அந்த ஆக்சிஜன்தான் நுரை. குப்பியில் விற்கும் அந்தப் பொருளை நம் செல்களும் ஓயாமல் உண்டாக்குகின்றன. அதை அடக்கத்தான் கேட்டலேஸ்.

பெராக்சைடு, சூப்பராக்சைடு, ஹைட்ராக்சில் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) முதலிய, எளிதில் வினைபுரியும் கூட்டத்துக்கு அறிவியலில் ‘ரியாக்டிவ் ஆக்சிஜன் ஸ்பீஷீஸ்’ என்று பெயர். தமிழில் ‘ஆக்சிஜன் இனங்கள்’ என்று எழுதிவிடுகிறோம். இனம் என்றதும் எனக்குச் சூடை, நெத்தலி மீன்கள்தான் நினைவுக்கு வருகின்றன! ஸ்பீஷீஸ் லத்தீன் சொல்; ‘பார்’ என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து வந்தது. தோற்றம், உரு என்பதே அதன் பழைய பொருள். இனம் என்பது உயிரியல் கொடுத்த பொருள். வேதியியலிலோ அணு, அயனி, மூலக்கூறு எதுவும் ஸ்பீஷீஸ்தான். அதனால் ‘வினைமிகு ஆக்சிஜன் உருக்கள்’ என்பதே என் தேர்வு. எல்லாவற்றையும் ‘தனி உறுப்புகள்’ என்பதும் பொருந்தாது. தனி உறுப்பு என்றால் இணையற்ற எலக்ட்ரான் இருக்க வேண்டும்; பெராக்சைடில் அது கிடையாது.

ஆக்சிஜன் என்ற பெயரிலும் ஒரு பிழை உண்டு. கிரேக்கத்தில் அதற்குப் ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்று பொருள். அமிலம் எதுவும் இதில்லாமல் இல்லை என்று அந்தப் பெயரை வைத்த பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை. உயிர்வளி நல்ல சொல்தான். ஆனால் அது மூச்சுக்காற்றைக் குறித்து நிலைத்துவிட்டது. ஹைட்ராக்சிலை யாரும் மூச்சில் இழுப்பதில்லை. இந்த இடத்தில் ஆக்சிஜனே இருக்கட்டும்.

செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கைமாறிப் போகும்போது சில நழுவி ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்ள, சூப்பராக்சைடு பிறக்கிறது. அதைத் தணிக்கும் நொதியை அமெரிக்க உயிர்வேதியியலாளர்கள் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் அறிவித்தார்கள். நொதிகளுக்கு அடங்காமல் பெருகினால் இந்த உருக்கள் செல்சவ்வின் கொழுப்பைத் தாக்கும். ஒரு மூலக்கூறு கெட்டால் அடுத்ததையும் கெடுக்கும். பாம்பன் மணலில் காயும் கொழுத்த சூடை நாள்பட்டுக் காறிப்போவதும் கொழுப்பு இப்படித் தொடர்ந்து கெடுவதால்தான். இவற்றை வெறும் நஞ்சென்று ஒதுக்கவும் முடியாது. இரத்த வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல வேண்டுமென்றே சூப்பராக்சைடை உண்டாக்குகின்றன. சிறிதளவு பெராக்சைடு செல்லுக்குள் சேதி சொல்லவும் உதவுகிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளிலும் இதே கதை நடக்கிறது. பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து உணவு தருகிறது. நிறமும் பெரும்பாலும் அதனால்தான். கடல் சூடேறும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி இந்த உருக்கள் பெருகுகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 2016-இல் இங்கே பவளங்கள் அப்படித்தான் வெளுத்தன. அந்த வெள்ளை, கண்ணாடி போன்ற சதை வழியே தெரிந்த சுண்ணாம்புக் கூடு.